ஏரிப் பாவாடை

சரிதாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லியாக வேண்டும். எனக்கு அது சிரமமான காரியம் இல்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

அவர் பெயர் அனந்தகிருஷ்ணன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பீர்க்கன்கரணையில் நாங்கள் குடியிருக்கும் நீலாம்பரி அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பேண்ட் பையில் ஒரு ஸ்டீல் டேப் இருக்கும். லிஃப்ட் கதவின் இடைவெளி, படிக்கட்டின் உயரம், முதல் மாடிக்காரர் வைத்த பூந்தொட்டி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் அவருக்கு அளவோடு தெரியும். கெட்டவர் இல்லை. ஒன்றை அளந்துவிட்டால் அது முழுதாகத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். நான் திரிபுரசுந்தரி. பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்று சொல்லி விற்றார்கள், நாங்களும் மயங்கி வாங்கினோம். பிறகு அந்த ஏரி எங்களைப் பார்க்க வந்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது.

சரிதா எனக்கு ஜாக்கெட் தைப்பவள். எங்கள் அடுக்ககம் வாய்க்கால் தெருவின் கடைசியில் இருக்கிறது. அவள் வீடு அதே தெருவின் நடுவில். தெருவில் ஒரே வரிசையாக முப்பத்தொரு வீடுகள். எதிர்ப்பக்கம் முழுக்க ஒரு மூடிப்போன கம்பெனியின் மதில். முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, கழுத்தில் மஞ்சள் டேப். நாற்பத்தாறு வயது. பேச்சில் மூடி மறைப்பது கிடையாது. "போன தபாவுக்கு இப்ப ரெண்டு இன்ச்சு ஏறிகீறீங்க டீச்சர்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிடுவாள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். அவள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட் எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் இறுக்கிப் பிடித்ததில்லை, தொளதொளத்ததும் இல்லை.

கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அம்மாவின் மீன்கூடைக்குக் கை கொடுக்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்துபோனவள், மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் போய், அங்கேயே நிலைத்துவிட்டாள். மீன் வாடை போக அரப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் துணியைத் தொடவேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை இன்னமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் துளசிங்கத்தைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் தெருவுக்கு வந்தாள். மகள் ஜெயஸ்ரீ வண்டலூர் பக்கம் காலேஜில் படிக்கிறாள். இதுவரைக்கும் சொன்னது ஊரில் பத்துப் பேருக்குப் பொருந்தும். மிச்சம் அவளுக்கு மட்டும்தான்.

2015 டிசம்பரில் நாங்கள் இங்கே இல்லை. எங்கள் கட்டடமே இல்லை. அன்று விடியற்காலையில் ஏரி நிரம்பி வழிந்து தெருவுக்குள் இறங்கியது. சரிதாவின் பக்கத்து வீட்டில் கிளியம்மாளும் அவள் கணவர் கோதண்டமும் இருந்தார்கள். கோதண்டத்துக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து போயிருந்தது. கட்டிலோடு மிதக்க ஆரம்பித்தவரைச் சரிதாவும் துளசிங்கமும் இழுத்து வந்து தங்கள் வீட்டுத் துணி வெட்டும் மேசைமேல் படுக்க வைத்தார்கள். தெருவிலேயே உயரமான மேசை அதுதான். கொஞ்ச நேரத்தில் மேசையும் நனைந்தது. பகல் பதினொரு மணிக்குக் குப்பத்துப் படகு ஒன்று உள்ளே வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. ஒன்பதாம் நாள் நெஞ்சில் சளி கட்டி கோதண்டம் இறந்து போனார். மேசையை இன்னும் ஒரு முழம் உயரமாக அடித்திருக்கலாம் என்று சரிதா பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேசை என்ன செய்யும் என்று நான் சொல்லிப் பார்த்தாயிற்று. காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கிளியம்மாள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு படிவத்தோடு வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். ஒருவர் முட்டி என்றார், ஒருவர் இடுப்பு என்றார், ஒருவர் மார் என்றார். சரிதாவுக்கு ஆத்திரமாக வந்ததாம். குள்ளன் மாரும் நெட்டையன் மாரும் ஒன்றா? அவளுக்கு எல்லாமே அளவு. அளவு இல்லாமல் எதைத் தைப்பது? சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரிந்தது. ஆனால் பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பொங்கலென்றால் எல்லோரும் வெள்ளையடிப்பார்கள். கோடு போய்விடும், அடுத்த வருஷம் தண்ணீரே வரவில்லை என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது.

ஆகவே சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், கோட்டின் மேல் ஒரு ஆணி. ஆணியிலிருந்து தெருத் தரை வரைக்கும் டேப்பால் அளந்தாள். அந்த வீட்டில் நனைந்து நாசமாகித் தெருவில் குவித்திருந்த துணியிலிருந்து ஒரு சாண் அகலத்தில் அதே நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொண்டாள். சிலர் திட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே விளம்பரமா என்று ஒரு வீட்டில் ஆணியைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போன பிறகு மறுபடியும் அடித்துவிட்டு வந்தாள். கடைசியில் ஆணி வசதியாகப் போய்விட்டது. பால் பை மாட்டினார்கள், குடை மாட்டினார்கள். ஏரிப் பக்கம் தெரு மேடு, அங்கே வீடுகளில் ஆணி தாழ்வாக இருப்பதால் பால் பை தொடை உயரத்தில் தொங்கும், பூனை வந்து பார்த்துவிட்டுப் போகும்.

பாவாடைக்கு இடுப்புப் பட்டை வைப்பது மாதிரி நீளமாக ஒரு பட்டை தைத்து, முப்பத்தொரு துண்டுகளையும் வீட்டு வரிசைப்படி அதில் தொங்கவிட்டாள். துவைக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஜாக்கெட் கொக்கி. இரண்டு பேர் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தால் பத்துப் பெண்கள் சேர்ந்து உடுத்தலாம் போல ஒரு பாவாடை. இடுப்புப் பட்டைதான் தண்ணீர் மட்டம். அதற்கு "ஏரிப் பாவாடை" என்று பேர் வைத்தவளும் அவள்தான். 2021இல் தண்ணீர் வந்தபோது வீட்டுக்கு ஒரு புது ஆணி, பாவாடைக்கு இரண்டாவது அடுக்கு. 2023 டிசம்பர் புயலில் மறுபடி ஆணி, மூன்றாவது அடுக்கு.

துண்டுகளை வெறுமனே விடவும் இல்லை. தண்ணீர் அந்த வீட்டுக்குள் என்ன கொண்டுவந்ததோ அதை நூலால் தைத்துவைத்தாள். முதல் அடுக்கில் விரால், தண்ணீர்ப் பாம்பு, நத்தை, ஆகாயத்தாமரை. ஆறாம் வீட்டில் ஒரு ஆமை. இரண்டாவது அடுக்கில் ஆகாயத்தாமரை இருக்கிறது, மீன் இரண்டே இரண்டு. மூன்றாவது அடுக்கில் மீனே இல்லை. தெர்மாகோல், மாத்திரை அட்டை, செருப்பு, நுரை, கறுப்பு நூலில் சாக்கடைத் தண்ணீர். மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் எட்டு வருஷத்தில் ஒரு ஏரி எப்படிப் போனது என்று தைத்துவைத்திருக்கிறாள். நான் முதல் தடவை பார்த்தபோது அழுதுவிட்டேன். ஜாக்கெட் வாங்கப் போனவள் ஜாக்கெட்டை மறந்துவிட்டு வந்தேன்.

ஒருமுறை நகரத்திலிருந்து ஜவுளி வடிவமைப்பு படிக்கும் பெண்கள் நான்கு பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, இது பெரிய கலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீ கொடுத்து அனுப்பிய பிறகு சரிதா என்னிடம் கேட்டாள். "கலைன்னா இன்னா டீச்சர்? அளவு தப்பா இருந்தா பரவால்லையா?"

இனி சிறுபாலத்துக்கு வருகிறேன். வாய்க்கால் தெரு முடியும் இடத்தில், எங்கள் மதிலை ஒட்டி, பெரிய சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருக்கிறது. எல்லோரும் கல்வெட்டு என்பார்கள். ஆங்கிலத்து கல்வர்ட் எங்கள் பக்கத்தில் இப்படி ஆகிவிட்டது. படிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, முக்கால்வாசி குப்பை. ஆனால் ஏரி வழிந்தால் தண்ணீர் தெருவழியே ஓடி வந்து அதற்குள் புகுந்துதான் அந்தப் பக்கத்துக் கால்வாய்க்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. முதல் மாடியில் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்கு நாற்றம், கொசு. சங்கக் கூட்டத்தில் இதை மண் போட்டு மூடச் சொல்லி மனுக் கொடுப்பதென்று முடிவானது. தாள் வீடு வீடாக வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அடுப்பில் ரசம் நுரைகட்டும் நேரம், படிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுகிறவர்களை எத்தனை பேரை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

சேதி தெரிந்த அன்று சரிதா மெஷினை மூடிவிட்டு மனு எழுத உட்கார்ந்தாள். சிறுபாலத்தை மூடினால் அடுத்த மழையில் தண்ணீர் போக இடம் இருக்காது. மாடியில்லாத வீடுகள்தான் தெருவில் பாதிக்கு மேல். கிளியம்மாளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது, முட்டி மடங்காது, ஓட்டு வீடு. "அந்தம்மாவ எந்த மேசை மேல படுக்க வெக்கிறது?" என்று துளசிங்கத்தைக் கேட்டாளாம். அதுவரைக்கும் உனக்கேன் ஊர் வம்பு என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் எழுந்து போய் மனுவுக்குத் தாள் வாங்கி வந்தார். 2023இல் முப்பத்தொரு வீட்டிலும் தண்ணீர் நின்ற உயரத்தை வரிசையாகப் போட்டு, ஜெயஸ்ரீ அழகாக எழுதி, மகளும் அம்மாவும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அங்கே பரணி என்ற இளம் பொறியாளர் இரண்டு மனுவையும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை என் கணவர் அந்தப் பட்டியலின் நகலோடு ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனார். ஒரு மணி நேரத்தில் முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பி வந்தார்.

"எல்லாம் தப்பு சுந்தரி. ஒண்ணு கூடச் சரியில்ல."

ஆறு வீட்டு ஆணிகளை அளந்திருந்தார். சரிதா முப்பது அங்குலம் என்று எழுதிய இடத்தில் முப்பத்தொன்று. நாற்பத்தைந்து என்ற இடத்தில் நாற்பத்தாறரை. அறுபது என்ற இடத்தில் அறுபத்திரண்டு. கணக்கு டீச்சருக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். தப்பெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கிறதே என்று தோன்றியது, அத்தோடு நிறுத்திக்கொண்டேன். பாவம், நாளைக்கு அவளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவமானம் என்ன, அளவு அளவுதான் என்றார்.

சனிக்கிழமை சிறுபாலத்துக்குப் பக்கத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். என் கணவர் தான் அளந்த தாளைப் பரணியிடம் கொடுத்தார். பரணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"அக்கா, லிஸ்ட்டே தப்பா இருந்தா நான் எதை வெச்சு எழுதுறது?"

சரிதா தப்பாக இருக்காது என்றாள். கழுத்திலிருந்த மஞ்சள் டேப்பை எடுத்து எங்கள் மதில்மேல் நீட்டி வைத்தாள். என் கணவர் தன் டேப்பை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் போயின. போகப் போக விலகின. அவளுடைய அறுபது இருந்த இடத்தில் அவருடைய டேப்பில் அறுபத்திரண்டு. இத்தனை வருஷம் கழுத்தில் கிடந்து, ஆயிரக்கணக்கான இடுப்பைச் சுற்றி இழுபட்டு, வெயிலில் காய்ந்து, அந்த டேப் மெல்ல நீண்டு போயிருந்தது.

யாரோ சிரித்தார்கள். சரிதா முகம் கறுத்துவிட்டது. இருபத்துநாலு வருஷமாக ஒரே டேப். அவள் தொழிலே அளவு. அந்த அளவு பொய் என்று தெருவுக்கு நடுவில் தெரிந்துபோனால் அவளுக்கு எப்படி இருக்கும்? துளசிங்கம் வா வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தார். அவள் போகவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நான் தச்ச ஜாக்கெட்டு எப்பனா உங்களுக்கு லூசா இருந்துகீதா?"

இல்லை என்றேன்.

"டைட்டா?"

அதுவும் இல்லை.

அவ்வளவுதான், ஓடினாள். எனக்கு விஷயம் உறைப்பதற்குள் பாவாடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கிளியம்மாளையும் கூட நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். எல்லோரையும் கிளியம்மாள் வீட்டு வாசலுக்கு வரச் சொன்னாள். மூன்றாவது அடுக்கில் பதினேழாவது துண்டின் கொக்கியைக் கழற்றினாள். கிளியம்மாளின் பச்சைச் சுங்குடிப் புடவைத் துண்டு அது. 2023 ஆணியில் தொங்கிய பால் பையை எடுத்துவிட்டு, துண்டின் மேல்முனையை அங்கே மாட்டினாள். கீழ்முனை தரையைத் தொட்டது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"நம்பர் பொய்யி சார், ஒத்துக்கிறேன்" என்றாள் பரணியிடம். "துணி பொய்யில்ல. செவுத்த இந்த டேப்பாலதான் அளந்தேன், துணியையும் இந்த டேப்பாலதான் வெட்டுனேன். ரெண்டும் ஒண்ணா நீண்டுகீது."

உடம்பையும் துணியையும் ஒரே டேப்பால் அளக்கிறவளுக்கு டேப் நீண்டது தெரியவே தெரியாது. ஜாக்கெட் சரியாகத்தான் உட்காரும். இன்னொருவருடைய டேப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் வெளியே வரும். அவள் எழுதிக் கொடுத்ததைவிட வெள்ளம் உண்மையில் அதிகமாகத்தான் வந்திருக்கிறது.

என் கணவர் சும்மா விடுவாரா? ஆணியை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாமே என்றார். கிளியம்மாள் வீடு பூச்சு பூசாத, வெள்ளையடிக்காத செங்கல் சுவர். ஆணிக்கு இரண்டு பக்கமும் பழுப்புக் கோடு ஓடியது. குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கோட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறமும் ஒன்று பாக்கி வைத்திருந்தார். காட்டன் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்குமே, அன்றைக்கு வெட்டிய நீளம் இன்றைக்கும் இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"சுருங்க வேண்டியதெல்லாம் வெள்ளத்துலயே சுருங்கிடுச்சி சார்" என்றாள் சரிதா. "அப்புறம்தான் வெட்டுனேன்."

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அளவுக்கு முன்னால் அவர் பொய் சொல்ல மாட்டார். அடுத்த வீட்டுக்கு அவரே நடந்தார். அவரே குடையை எடுத்துவிட்டு, துண்டை மாட்டி, கீழே உட்கார்ந்து பார்த்தார். அதற்கடுத்த வீடு. ஒன்பதாவது வீட்டில் ஸ்டீல் டேப்பை மடக்கிப் பைக்குள் போட்டுவிட்டார்.

பரணி அந்த மூன்றாவது அடுக்கு முழுவதையும் விரிக்கச் சொன்னார். முப்பத்தொரு வீட்டு ஆட்களும் வரிசையாக மதில் பக்கம் நின்று இடுப்புப் பட்டையை ஒரே மட்டமாகத் தூக்கிப் பிடித்தார்கள். கீழே துண்டுகளின் முனைகள் ஒரு கோடாக இறங்கின. ஏரிப் பக்கம் குட்டை, வர வர நீளம். எங்கள் பக்கத்துக் கடைசி வீட்டில் அறுபத்திரண்டு அங்குலம். பரணி பின்னால் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார். மேலே தண்ணீர் மட்டம், கீழே தரை, நாங்கள் மெஷின் வைத்து லெவல் எடுத்துத் தாளில் போடுகிற கோடு இதுதான் என்றார். தெரு எங்கே சரிகிறது, தண்ணீர் எங்கே போக நினைக்கிறது, எல்லாம் இதிலேயே இருக்கிறது.

"இதுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டார். முப்பத்தொன்றாவது துண்டுக்குப் பிறகு பட்டை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருப்பது எங்கள் கட்டடம், அதை ஒட்டிச் சிறுபாலம். அவர் எங்கள் சங்கத்து மனுவைப் பிரித்துச் சத்தமாக ஒரு வரி படித்தார். "எங்கள் வளாகத்துக்குள் எந்த மழையிலும் தண்ணீர் வந்ததில்லை."

அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. சரிதா என்னைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வந்தது" என்றேன். "எங்க கார் நிறுத்துற இடம் தெருவைவிடப் பள்ளம். 2023 புயல்ல மீட்டர் பெட்டிக்கு நாலு விரல் கீழ வரைக்கும் வந்தது. என் ஸ்கூட்டர் முழுகிப் போச்சு."

எங்கள் அடுக்ககத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் என்னை முறைத்தார்கள். அதில் ஒருவர் வீட்டை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் தூண்களுக்குப் புதிதாக வெள்ளை பெயிண்ட் அடித்தோம். நானே போய் முதல் தூணைக் காட்டினேன். பளிச்சென்று இருந்தது, அதில் ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் என் பின்னாலேயே வந்தார். சுந்தரி என்று ஒரு தடவை கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து அதன் நுனிக் கொக்கியால் தூணைச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. உள்ளே பழுப்புக் கோடு இருந்தது.

எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

சரிதா வந்து நின்று துணி கேட்டாள். அன்றைய வெள்ளத்தில் நனைந்தது என்ன இருக்கிறது என்று யோசித்து, மூலையில் கிடந்த என் ஸ்கூட்டர் உறையைக் கொடுத்தேன். சாம்பல் நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அவள் டேப்பை எடுக்கவே இல்லை. உறையின் ஒரு முனையைக் கோட்டில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், தரைவரைக்கும் நீவிவிட்டாள், தரையோடு வைத்துக் கத்தரித்தாள். அங்கேயே இடுப்புப் பட்டையை ஒரு சாண் நீட்டி, ஊசி நூலால் முப்பத்திரண்டாவதாக எங்களைச் சேர்த்தாள். வரிசையிலேயே நீளமானது அதுதான். ஏரி வழிந்தால் அதிகமாக முழுகப் போகிறவர்கள் யார் என்று குழந்தைக்குக்கூடப் புரியும்படி அது தொங்கியது. சங்கத்தில் ஒருவரும் அதற்குப் பிறகு மூடு என்று சொல்லவில்லை. பரணி மதில்மேல் தாளை வைத்து எழுதினார். மூடுவதற்கில்லை, தூர் வாரி அகலப்படுத்த வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கணவர் வீடு வீடாக அளந்து சொல்லச் சொல்ல, ஜெயஸ்ரீ பட்டியலைத் திருத்தி எழுதினாள். மத்தியானம் சாப்பாடு சரிதா வீட்டில். மீன் குழம்பு தவிர மற்றதெல்லாம் சாப்பிட்டார். வேலை சொன்னவுடன் நடந்துவிடவில்லை. சரிதா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெஷினை மூடிவிட்டுப் பரணியின் அலுவலகத்துக்குப் போய் எதிரே உட்கார்ந்துகொள்வாள். கையில் தைக்க வேண்டிய ஜாக்கெட் இருக்கும். கொக்கி தைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பாவாடையையும் கொண்டுபோய் அங்கே பெஞ்சில் விரித்திருக்கிறாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன இது என்று கேட்க, அவள் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். செப்டம்பரில் பொக்லைன் வந்து பழைய குழாயைத் தோண்டி எடுத்தது. ஆள் குனிந்து போகிற அளவுக்குப் புதிதாகக் கட்டினார்கள்.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஏரி வழிந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். தெருவில் தண்ணீர் வேகமாக வந்தது, வந்த வேகத்திலேயே எங்கள் மதிலைத் தாண்டிச் சிறுபாலத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இரண்டாம் மாடிவரை கேட்டது. கீழே இறங்கிப் போனேன். கணுக்கால் நனைந்தது. கிளியம்மாள் தன் வீட்டுப் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். படி நனையவில்லை.

மழை விட்டதும் சரிதா சுத்தியலோடு வந்துவிட்டாள். கிளியம்மாள் வீட்டுச் சுவரில் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஈரக் கோடு. ஆணியை அடிக்க அவள் தெருவிலேயே உட்கார வேண்டியிருந்தது. நனைந்த துணி எந்த வீட்டிலும் இல்லை. கிளியம்மாள் தன் வாசல் மிதியடியைக் கொடுத்தாள். அதில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த துளசிங்கம் சிரித்துவிட்டார். இதைப் போய்ப் பாவாடையில் மாட்டுவாயா, கர்ச்சீப்புக்குக்கூடப் பத்தாதே என்றார்.

சரிதா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சாதாரணமாக எதற்கும் கலங்காதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த சைசுக்குத்தான் டீச்சர் நான் இத்தினி வருசமா தச்சுகினு இருந்தேன்" என்றாள். பிறகு ஆணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.